உப்புக் காற்றில் ஒரு குளியலறை

பழைய குளியலறையைப் புதுப்பிக்கக் கிளம்பும் குடும்பம் முதலில் போய் நிற்கும் இடம் டைல்ஸ் கடை. குழாயும் கசிவும் நினைவுக்கு வருவது கடைசியில். வரிசை இப்படித் தலைகீழாக இருப்பதால்தான், பெரும் செலவில் பளபளப்பாக்கிய அறை இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் பழைய கோலத்துக்குத் திரும்பிவிடுகிறது. நாட்டின் எந்த ஊரிலும் நடக்கிற தவறுதான். ஆனால் அந்தமானில் இதற்குக் கொடுக்கும் விலை அதிகம்.

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், கடலோரமாக அமைந்த பகுதி மின்னி பே. கடற்படையின் தன்வந்தரி மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் ஏறக்குறைய 15 சதவீதத்தினருக்குத் தாய்மொழி தமிழ். வேலைக்காகவும் வணிகத்துக்காகவும் வந்து, இங்கேயே வேர் விட்ட குடும்பங்கள் நிறைய. தமிழ்நாட்டில் வீடு கட்டிய அனுபவத்தை இங்கே அப்படியே கொண்டுவந்தால் முதலில் காலை வாருவது குளியலறை.

காரணங்கள் நான்கு. காற்றில் உப்பு. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை, அதாவது சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. அத்தனை மழை பெய்தும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை தண்ணீர்த் தட்டுப்பாடு. நான்காவது, சிமென்ட் முதல் குழாய் வாஷர் வரை பெரும்பாலான பொருள்கள் கப்பலில் வந்தாக வேண்டும். சென்னையிலிருந்து கடல்வழி ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். இந்த நான்கையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத அலங்காரம் நீடிக்காது.

நான்கடி அகலம், ஆறடி நீளம் உள்ள ஒரு குளியலறையை எடுத்துக்கொள்ளலாம். பழைய குடியிருப்புகளில் பார்த்துப் பழகிய அளவுதான். தேசியக் கட்டட விதித் தொகுப்பு தனிக் குளியலறைக்குக் குறைந்தபட்சமாக 1.8 சதுர மீட்டர் பரப்பு கேட்கிறது. நமது அறை 2.2 சதுர மீட்டர். ஆக, குளிக்க இது போதும். அதற்குள்ளேயே கழிவறையும் இருந்தால் நெருக்கடிதான். அதற்கு விதி கேட்பது 2.8 சதுர மீட்டர்.

முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். தளத்தில் சிமென்ட் பூச்சு உப்பியிருக்கிறதா, கம்பி தெரிகிறதா, பழுப்பு நிறக் கோடு ஓடுகிறதா? தீவுகளில் பல காலம் கட்டட வேலைக்குக் கடற்கரை மணலையே அள்ளினார்கள். கரை அரிப்பைத் தடுக்க, மணல் எடுப்பதைப் படிப்படியாகக் குறைக்கும்படி 2002-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சரியாகக் கழுவாத கடல் மணலில் தங்கும் உப்பு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருவேறிய இரும்பு பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. எப்போதும் ஈரம் தங்கும் குளியலறையில் இது இன்னும் வேகமாக நடக்கும். இந்த நிலையில் உள்ள தளத்தின் கீழே பொய்க்கூரை அடித்து மறைப்பதைவிட ஆபத்தான அலங்காரம் வேறில்லை. பெயர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பிறகே பூச வேண்டும். கம்பி தேய்ந்து மெலிந்திருந்தால் அது கொத்தனார் முடிவு செய்யும் விஷயமல்ல. பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். அந்தமான் நிக்கோபார், நிலநடுக்க அபாயம் மிக அதிகமுள்ள மண்டலத்தில் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது தரை. பழைய மொசைக் தரையின் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டினால் உடைக்கும் செலவு மிச்சம் என்று சொல்வார்கள். கசிவு இல்லாத தரைக்கு இது சரி. கசிகிற தரையில் ஒட்டினால் நோயைப் போர்வையால் மூடியது போலத்தான். கீழ்வீட்டுக் கூரையில் ஈரத் திட்டு இருந்தால் தரையை உடைத்துத்தான் ஆக வேண்டும். உடைத்த பின், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைத் தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஓரடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். பிறகு வடிகால் வாயை அடைத்து, தண்ணீர் தேக்கி, குறைந்தது 24 மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். அவசரத்தில் பலரும் தாண்டிப் போகும் கட்டம் இது. ஒரு நாள் பொறுத்தால் பத்து வருடத் தொல்லை மிச்சம்.

வாட்டம் ஆறடிக்கு ஓரங்குலம் போதும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும், வழுக்கும். தரையின் வடிகாலில் பிளம்பர் பொருத்தும் 'நாணி ட்ராப்' எப்போதும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும். சாக்கடை வாசனையையும் பூச்சிகளையும் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்த் திரும்பினால் குளியலறை நாறுவதற்குக் காரணம், அது வற்றிப்போனதே. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் தாழ்ந்தது. தாழ்வான இடங்களில் கடல் ஏற்றத்தின்போது வடிகால் எதிர்த்து வருமா என்பதையும் தரை மட்டத்தை முடிவு செய்யும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இனி தண்ணீர். நகரத்துக்கு முக்கிய ஆதாரம் தனிக்காரி அணை. மழை பொய்த்த ஆண்டுகளில் குழாய்த் தண்ணீர் நாள் விட்டு நாள், சில சமயம் அதைவிட நீண்ட இடைவெளியில்தான் வருகிறது. அப்போது ஒவ்வொரு வீட்டுக் குளியலறையிலும் 200 லிட்டர் டிரம் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதன் குறுக்களவு ஏறக்குறைய இரண்டடி. நான்கடிக்கு ஆறடி அறையில் ஆறில் ஒரு பங்கு இடத்தை அது எடுத்துக்கொள்ளும். விளம்பரப் படங்களில் இந்த டிரம் இருப்பதில்லை. ஆனால் மின்னி பேயில் குளியலறைத் திட்டம் போடுகிறவர் முதலில் இடம் ஒதுக்க வேண்டியது அதற்குத்தான். முடிந்தால் தொட்டியை வெளியே வைத்து, ஒரு குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரலாம். உள்ளேயே வைப்பதானால் இறுக்கமான மூடி அவசியம். டெங்குக் கொசு வளர்வது இப்படித் தேக்கிய நல்ல தண்ணீரில்தான். தலைக்கு மேல் பரண் கட்டித் தண்ணீர் ஏற்றுவது மட்டும் கூடவே கூடாது. நிலம் ஆடும் ஊரில் 200 கிலோ எடையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு குளிப்பதாகும் அது.

தண்ணீரைச் சேமிப்பதில் பெரிய லாபம் ஃப்ளஷ் டேங்கில் இருக்கிறது. பழைய தொட்டி ஒருமுறை இழுத்தால் 10 லிட்டர் போகும். நான்கு பேர், ஆளுக்கு ஐந்து முறை என்றால் நாளுக்கு 200 லிட்டர். இரட்டைப் பொத்தான் உள்ள புதிய தொட்டி 6 லிட்டர் அல்லது 3 லிட்டர் விடும். அதே குடும்பத்துக்கு நாளுக்கு 72 லிட்டர் போதும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை 120 நாளில் மிச்சமாவது 15,000 லிட்டருக்கும் மேல். வேறு எந்த அலங்காரப் பொருளும் இப்படித் தன் விலையைத் திருப்பித் தருவதில்லை. ஷவரில் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் கொட்டும். ஐந்து நிமிடக் குளியலுக்கு 40 லிட்டருக்குக் குறையாது. வாளியும் சொம்பும் என்றால் 20 லிட்டரில் முடிந்துவிடும். எனவே வாளிக்கு மேலே சரியான உயரத்தில் ஒரு குழாய், பக்கத்தில் சோப்பு வைக்க ஒரு மாடம், உட்கார ஒரு முக்காலி ஆகியவற்றைப் பழமை என்று ஒதுக்க வேண்டியதில்லை. கூரையில் விழும் மழையையும் மறக்கக் கூடாது. 50 சதுர மீட்டர் தகரக் கூரையில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் லிட்டர் விழுகிறது. அதில் ஒரு சிறு பங்கைப் பிடித்து வைத்தாலும் கழிவறைத் தேவைக்குப் பெரிய உதவி.

உப்புக் காற்று உலோகத்தை விடாது. கடையில் எவர்சில்வர் என்று சொல்லி விற்பதெல்லாம் ஒரே ரகமல்ல. 202 என்ற மலிவு ரகம் கடலோரத்தில் சீக்கிரமே புள்ளி புள்ளியாகத் துருவேறும். 304 ஓரளவு தாங்கும். மாலிப்டினம் கலந்த 316 தான் உப்புக்கு நிற்கும். துண்டு மாட்டும் கம்பி, கைப்பிடி, திருகாணி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பெரும்பாலும் திருகாணிதான் முதலில் காலை வாரும். குழாய்க்குப் பித்தளையில் குரோம் பூசியது நல்லது. பணம் குறைவு என்றால், மெல்லிய உலோகக் குழாயைவிட நல்ல பிளாஸ்டிக் குழாய் மேல். பழைய ஜி.ஐ. குழாய் சுவருக்குள் இருந்தால், சுவர் உடைபடும் இந்தச் சமயத்திலேயே பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிவிட வேண்டும். அந்தமான் படாக் மரத்துக்கு உலகெங்கும் பெயர் உண்டு. ஆனால் குளியலறைக் கதவுக்கு பி.வி.சி. போதும்.

டைல்ஸ் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் இதுதான். நான்கு சுவரிலும் ஏழடி உயரத்துக்கு ஒட்டினால், கதவு போக ஏறக்குறைய 124 சதுர அடி தேவை. தண்ணீர் தெறிக்கும் மூலையில் மட்டும் ஏழடி, மற்ற இடங்களில் நான்கடி என்றால் 91 சதுர அடி போதும். கால்பங்கு மிச்சம். மேலே பூசணத்தைத் தாங்கும் வெள்ளைப் பெயின்ட் அடித்தால் அறை உயரமாகவும் தெரியும். சுவருக்கு வெளிர் நிறம், தரைக்கு வழுக்காத சொரசொரப்பு. பளபளப்பான தரை டைல்ஸ் வரவேற்பறைக்கு மட்டுமே ஆகும். வாங்கும்போது பத்து சதவீதம் கூடுதலாக, ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து வாங்க வேண்டும். கப்பலிலும் லாரியிலும் சில உடையும். குறைந்தால் அடுத்த சரக்கு வரும் வரை கொத்தனார் காத்திருக்க மாட்டார். வந்தாலும் நிறம் ஒத்துப்போகாது.

சுவருக்குள் மறைந்த ஃப்ளஷ் டேங்க், சென்சார் குழாய் போன்றவை இடத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் அதன் வால்வு ஒன்று பழுதானால் இங்கே எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்டுவிட்டே வாங்க வேண்டும். உள்ளூர் பிளம்பருக்குப் பழக்கமான, உள்ளூர்க் கடையில் உதிரி கிடைக்கிற பொருளே தீவில் நவீனப் பொருள்.

காற்றுக்கு வழி விடாத குளியலறையை எந்தப் பெயின்டும் காப்பாற்றாது. நான்கு சதுர அடி அளவுக்காவது வெளிக்காற்று நுழையும் திறப்பு வேண்டும். அது இல்லாத இடத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். வெந்நீர் கெய்சர் அவசியமா என்று இன்னொரு முறை யோசிக்கலாம். இங்கே குளிர்ந்த மாதங்களில்கூட கடுங்குளிர் இருப்பதில்லை. கெய்சர் வைத்தே தீர வேண்டும் என்றால் நல்ல எர்த் இணைப்பும், மின்கசிவில் தானே துண்டிக்கும் சாதனமும் இல்லாமல் வைக்கக் கூடாது.

செலவே இல்லாத ஒரு மாற்றம் கதவு வெளிப்பக்கம் திறப்பது. சிறிய அறையில் இடம் மிச்சமாகும் என்பது ஒரு பக்கம். வயதானவர் உள்ளே வழுக்கி விழுந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடலே தடுத்துவிடும் என்பது முக்கியமான மறுபக்கம். கோப்பை பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் ஒவ்வொரு கைப்பிடியை, சுவரில் உறுதியாகப் பதித்துவிட்டால் கண்ணாடி, மாடம் எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அரசுக் குடியிருப்பிலும் வாடகை வீட்டிலும் இருப்பவர்கள் சுவரை உடைக்க முடியாது. கசிவையும் தளத்தின் விரிசலையும் பொதுப்பணித் துறைக்கோ வீட்டுக்காரருக்கோ எழுத்தில் தெரிவிப்பதே அவர்களுடைய முதல் புதுப்பிப்பு. மற்றபடி டைல்ஸ் இடுக்குகளில் கறுத்த கலவையைச் சுரண்டிப் புதிதாகப் பூசலாம். குழாய் முனையில் தண்ணீரைக் குறைக்கும் வலை மாட்டலாம். நல்ல வெளிச்சம் தரும் எல்.இ.டி. விளக்கு, பெரிய கண்ணாடி போதும், அறை மாறியது போலவே தெரியும். கறை போக்க ஆசிட் மட்டும் வேண்டாம். அது டைல்ஸ் இடுக்கை அரிக்கும், குழாயின் பூச்சை உரிக்கும், செப்டிக் டேங்கில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும். பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் வருவது விஷ வாயு.

தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் மும்பைக் கரையோர அடுக்குமாடிகளிலும் இருப்பவர்களுக்கும் இந்த வரிசை பொருந்தும். தளம், தரை, குழாய், காற்று, கைப்பிடி ஆகியவை முடிந்த பிறகு கையில் மிஞ்சும் பணமே டைல்ஸின் நிறத்தையும் விலையையும் தீர்மானிக்கட்டும். அதில் மிஞ்சும் ஒரு பெட்டி டைல்ஸைப் பரணில் போட்டு வைத்தால், அடுத்த முறை பிளம்பர் சுவரை உடைக்கும் நாளில் அது பயன்படும்.