உரப்பைக்குள் ஒரு குழாய்த் துண்டு

பல்லேபொலயில் குப்பை எடுக்க ட்ரக்டர் வருகிற நாளில் எங்கள் வீட்டு உரப்பையை முற்றத்தில் கொட்டிப் பார்த்தேன். சொப்பிங் பைகள், லஞ்ச் சீட், யோகட் கோப்பைகள், ஷாம்பு பக்கெட்டுகள், கிணற்று மோட்டார் பூட்டியபோது மிஞ்சிய அரையடி பீ.வீ.சீ. குழாய். அந்தக் குழாய்த் துண்டை மட்டும் தனியே எடுத்து வைத்தேன்.

வளைகுடாவில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பதினொரு வருடம் பிட்டராக இருந்தவன் நான். ஐதரசனைச் செலுத்தி டீசலின் கந்தகத்தை அகற்றும் பகுதியில் வேலை. ஒருமுறை வெப்பமாற்றியைத் திறந்தபோது குழாய்களை வெள்ளை உப்பு அடைத்திருந்தது. அமோனியம் குளோரைட்டு. எண்ணெயோடு வந்த குளோரின் ஐதரசனோடு சேர்ந்து அமிலமாகி, அமோனியாவோடு கூடி, சூடு தணியும் இடத்தில் படிந்துவிடும். ஈரம் பட்டால் உருக்கையே அரிக்கும். மூன்று இரவுகள் நின்று கழுவினோம். குழாய்த் துண்டை நான் ஒதுக்கியதும் அதனால்தான்: பீ.வீ.சீ.யின் நிறையில் பாதிக்கு மேல் குளோரின்தான்.

"பிளாஸ்டிக்கைக் காய்ச்சி டீசல் எடுக்கலாமாமே பெரியப்பா?" என்று தம்பியின் மகன் கேட்கிறான். 2022 இல் எண்ணெய் வரிசையில் இரவுகளைக் கழித்த பிள்ளை. எடுக்கலாம். ஒட்சிசன் படாமல் 400, 500 பாகை செல்சியசில் சூடாக்கினால் பிளாஸ்டிக் எண்ணெயாக இறங்கும். தேராதூனில் இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் 2019 இல் இதற்கென நாளுக்கு ஒரு தொன் பிளாஸ்டிக் கொள்ளும் ஆலையைத் திறந்தது. ஆனால் பீப்பாயில் வடித்ததை அப்படியே எஞ்சினில் ஊற்றச் சொல்பவர்களை நான் எதிர்க்கிறேன். அந்த எண்ணெய் நிலைத்து நிற்காது. வைக்க வைக்கப் பிசின் கட்டும். அது போகவேண்டிய இடம் சுத்திகரிப்பு ஆலை. வழக்கமான எண்ணெயோடு சிறு பங்காகக் கலந்து, ஐதரசன் கொடுத்துப் பதப்படுத்த வேண்டும். பின்லாந்தின் நெஸ்தே நிறுவனம் 2020 இல் 400 தொன் பிளாஸ்டிக் எண்ணெயைத் தன் ஆலையில் ஓட்டிப் பார்த்தது.

நமக்கு இருப்பது 1969 இல் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலை ஒன்றே. அதில் நாளைக்கே ஊற்றுங்கள் என்று சொல்லமாட்டேன். குளோரின் அளவு பார்க்காத ஒரு தாங்கியைக்கூட உள்ளே விடக்கூடாது. ஷாம்புவிலும் சீலன்டிலும் இருக்கும் சிலிக்கோன் ஆலையின் ஊக்கியில் படிந்தால், எரித்தும் அந்த ஊக்கியை மீட்க முடியாது. ஆகவே அந்த ஆலைக்கான வேலை நம் வீட்டு முற்றத்திலேயே தொடங்குகிறது.

எனக்கு மனம் பொறுக்காத விடயம் ஒன்று உண்டு. போத்தலுக்கும் கதிரைக்கும் கிலோ கணக்கில் காசு கொடுப்பவர்கள் எங்கள் பக்கம் வருகிறார்கள். லஞ்ச் சீட்டை எவரும் வாங்குவதில்லை. எண்ணெயாக்க மிகத் தோதானது அந்தப் பொலித்தீன்தான்! 2025 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து கடைகள் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது. பைக்கு நாம் கொடுக்கும் காசில் ஒரு பங்கை, பொலித்தீனைப் பிரித்துக் கொடுப்பவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

மனைவி கழுவிய லஞ்ச் சீட்டுகள் கொடியில் காய்கின்றன. "இதை யார் வாங்கப் போகிறார்கள்?" என்று கேட்கிறாள். கிலோவுக்கு ஒரு விலையை அரசு அறிவிக்கட்டும். இந்த ஊரில் வீடு வீடாகப் போய், பீ.வீ.சீ. ஒரு துண்டும் கலக்காமல், நானே சேர்த்துத் தருகிறேன்.