நெசவாளரின் ஆகாரம்

காஞ்சிபுரத்துக் கடைவீதிகளில் சில காலமாக ஒரு புதுச் சரக்கு புகுந்திருக்கிறது. கண்ணாடிக் குப்பிகளிலும் பளபளக்கும் பைகளிலும் அடைக்கப்பெற்று, மேலே 'ஸூப்பர் ஃபுட்' என்று முத்திரையிடப்பெற்று, தென்னமெரிக்காவின் கினோவா என்ன, மெக்ஸிகோவின் சியா விதை என்ன, பெயர் விளங்காத பொடிகள் என்ன, இவை யாவும் தேகபுஷ்டிக்கும் தீர்க்காயுளுக்கும் கைகண்ட சாதனங்கள் என விளம்பரமாகின்றன. பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் கால் வைத்துப் பிழைக்கும் குடும்பத்தாரும் கைபேசியில் இவ்விளம்பரங்களைக் கண்டு, இவற்றை வாங்கிக் கொடுத்தால் பிள்ளைக்குப் பலம் வருமோ என்று விசாரிக்கின்றனர். கேள்வி நியாயமானது. பத்து நாளும் பதினைந்து நாளும் குனிந்து உழைத்து ஒரு சேலையை அறுத்துக் கொடுத்து வாங்கும் கூலியில், எந்த ரூபாய் உடம்பில் ஒட்டும், எந்த ரூபாய் விளம்பரக்காரனிடம் போகும் என்று அறிய அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு. விடை சொல்வது பொதுவாழ்வில் ஈடுபட்டோர் கடமை.

முதலில் அந்தப் பட்டப்பெயரின் பூர்வோத்தரத்தைச் சற்றுப் பார்ப்போம். 'ஸூப்பர் ஃபுட்' என்பது வைத்திய சாஸ்திரம் தந்த சொல்லன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி தன் சரக்கை விற்பதற்காகப் பரப்பிய விளம்பர வார்த்தை அது. மத்திய அமெரிக்காவில் நிலங்களை வளைத்துக்கொண்டு, சர்க்கார்களை ஆட்டிவைத்த கம்பெனி அது. 1954-ல் குவாட்டமாலாவில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி கவிழ்ந்ததில் அதற்கிருந்த சம்பந்தம் சரித்திரம் அறிந்ததே. அக்கம்பெனி அவ்வளவு ஆர்ப்பாட்டத்தோடு விற்ற அற்புத உணவு எது? வாழைப்பழம்! பிள்ளையார்பாளையத்துப் பெட்டிக்கடை ஒவ்வொன்றிலும் தாரோடு தொங்குகிற வாழைப்பழம். ஐரோப்பிய யூனியனோ 2007-ல் அமலுக்கு வந்த விதிகளின்படி, அத்தாட்சி பெற்ற பலன் ஒன்றைக் கூடவே குறிப்பிடாமல் இச்சொல்லைச் சரக்கின்மீது அச்சிடுவதற்குத் தடை செய்துவிட்டது. அங்கே செல்லாத காசு இங்கே மட்டும் ஏன் செல்லவேண்டும்?

முருங்கையின் கதை இன்னும் விசித்திரம். பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரி கண்டெடுத்த பி.கே.எம்.-1 ரகம் இன்று பல தேசங்களில் பயிராகிறது. அதன் இலையைக் காயவைத்து இடித்துப் பொடியாக்கி, மேனாட்டார் மாத்திரையாக விழுங்குகின்றனர். அதே பொடி நம்மூர்க் கடைக்கே குப்பியில் வந்து, கொல்லையில் ஒடித்துக் கொள்ளத்தக்க கீரையைப்போல் பல மடங்கு விலைக்கு விற்கிறது. கினோவாவும் சியாவும் கெட்ட பண்டங்கள் என்று நாம் கூறவில்லை. ஆண்டீஸ் மலைக் குடியானவனுக்கும் மெக்ஸிகோ நாட்டானுக்கும் அவை உரிய ஆகாரமே. அவற்றில் உள்ள எந்தச் சத்துக்காகவும் காஞ்சி நெசவாளி கடல் கடக்க வேண்டியதில்லை என்பதே நம் வாதம்.

சத்துக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவுதான். வேர்க்கடலையும் கொள்ளும் நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட பங்கு புரதம் கொண்டவை. கம்பில் அரிசியைவிடப் பன்மடங்கு இரும்புச் சத்து. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் ஆரஞ்சை மிஞ்சிய 'சி' வைட்டமின். வரதராஜப் பெருமாள் சன்னதியில் நிவேதனமாகும் காஞ்சிபுரம் இட்டிலியையே பாருங்கள்: அரிசியும் உளுந்தும் புளித்து, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ந்து, ஆவியில் வெந்தது. தானியத்தில் குறைந்துள்ள புரதக் கூறினைப் பருப்பு நிரப்புகிறது. பருப்பில் குறைந்ததைத் தானியம் நிரப்புகிறது. ஆராய்ச்சிசாலை ஏற்படுவதற்கு வெகு காலம் முன்னரே நம் மடைப்பள்ளிகள் இந்தச் சேர்க்கையைக் கண்டுவிட்டன.

ஆயின் மடைப்பள்ளிப் பெருமையோடு நின்றுவிடுவது நமக்குச் சம்மதமில்லை. நம் ஆகாரத்தின் குறைகளை நமக்கு எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் ஆங்கில ராணுவ வைத்தியர். 1920-களில் குன்னூரில் ராபர்ட் மக்காரிஸன், இந்தியாவின் பல பகுதியினர் உண்ணும் ஆகாரங்களைத் தனித்தனியே எலிக் கூட்டங்களுக்கு இட்டு வளர்த்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் ஆகாரத்தில் வளர்ந்த எலிகள் முதலிடம் பெற்றன. கடைசி இடம் சென்னை ராஜதானியின் ஆகாரத்துக்கு! தீட்டிய அரிசி மிகுந்தும், பாலும் பருப்பும் கீரையும் குறைந்தும் இருந்ததன் பயன் அது. கேட்கக் கசப்பாயினும் உண்மை. அவ்வாராய்ச்சிசாலை 1958-ல் ஹைதராபாதுக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

அரிசியைத் தீட்டுவதன் கேடு அதற்கும் முன்னரே தெரிந்ததுதான். ஜாவாத் தீவின் பட்டேவியாவில் டச்சு வைத்தியர் ஐக்மன், வெள்ளையரிசி தின்ற கோழிகள் கால் முடங்கி விழுவதையும், தவிடு நீங்காத அரிசி கொடுத்ததும் அவை தேறியதையும் 1890-களில் கண்டார். 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதரிடையே அந்நோய்க்கு பெரிபெரி என்று பெயர். நம் ராஜதானியில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் ஜில்லாக்களில் அது தலைகாட்டிற்று. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களிலோ அது அபூர்வம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள 'பி' வைட்டமினில் ஒரு பகுதி மணிக்குள்ளே சென்று படிந்துவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நெல் அவித்த நம் பாட்டிமார் ஒரு ஜன சமூகத்தையே முடக்குவாதத்தினின்று காத்தனர் என்றால் அது மிகையாகாது.

1934 டிசம்பரில் காந்தியடிகள் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் நிறுவியபோது, தஞ்சையிற் பிறந்த ஜே.சி. குமரப்பா அதன் காரியதரிசியானார். கைக்குத்தலரிசிக்கு அச்சங்கம் தன் வேலைத்திட்டத்தில் முக்கிய ஸ்தானம் அளித்தது. கைக்குத்தலைக் காக்கும் நோக்கத்தோடு 1958-ல் அரிசி ஆலைகளைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை இந்தியப் பார்லிமெண்டு இயற்றிற்று. சட்டம் புத்தகத்தில் இருந்தது. ஆலை ஊரில் இருந்தது. 1997-ல் அச்சட்டமும் நீக்கப்பட்டது. அதன் பிறகு வந்ததுதான் விநோதம். தவிட்டையும் முளையையும் ஆலையில் உரித்தெறிந்துவிட்டு, இரும்பும் வைட்டமினும் சேர்த்துத் தொழிற்சாலையில் செய்த மணிகளை அதே அரிசியில் கலந்து ஏழைகளுக்கு வழங்கும் திட்டம் 2021 ஆகஸ்டு 15 அன்று செங்கோட்டையிலிருந்து அறிவிக்கப்பட்டது. அரிசிக்கு இயற்கையிலேயே இல்லாத சத்தும் அதில் சேருகிறதென்பது மெய்யே. என்றாலும், ஒரு கையால் எடுத்ததை மறு கையால் விலைக்கு வாங்கித் திருப்பித் தரும் இந்த ஏற்பாட்டைச் சிக்கனம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57. பாவு பிணைத்து, நூல் சுற்றி, கணவனுக்குப் பக்கத்தில் கோர்வை வாங்கிக் கொடுத்து, எல்லோரும் உண்டபின் அடிச்சோற்றைத் தின்று எழும் நெசவாளர் வீட்டுப் பெண்மணி இக்கணக்கில் எந்தப் பாதியில் இருப்பாள் என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வூரில் ஆண்டுக்கு ஒரு மாதம் எல்லோரும் சரியான ஆகாரம் உண்கிறார்கள். ஆடி பிறந்ததும் அம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் வார்க்கிறார்கள். இரவெல்லாம் புளித்த மாவு, உடன் முருங்கைக்கீரை, உண்பவர்க்குக் கருவாடு. சத்து நூல் வல்லவர் ஒருவரை அமர்த்தி உழைப்பாளிக்கு ஓர் ஆகாரம் வகுக்கச் சொன்னால், இதனின்றும் அதிகம் விலகமாட்டார். கேழ்வரகில் உள்ள சில பொருள்கள் அதன் சுண்ணாம்பையும் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுப்பதுண்டு; முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அத்தடையைக் குறைக்கின்றன. ஆடி கழிந்ததும் கூழ்ப்பானை பரணேறிவிடுகிறது. அம்மனுக்கு உகந்தது மற்றப் பதினோரு மாதமும் அடியாருக்கு ஆகாதாம்!

ஏன் ஆகவில்லை? படித்தவர்கள் உடனே அறியாமை என்பார்கள். அந்தப் பதிலை நாம் ஒப்பவில்லை. நெசவாளர் வீட்டுக் கணக்கை உள்ளபடி பார்க்கட்டும். ரேஷன் கடையில் அரிசி 2011 முதல் இலவசம். அது இந்நாட்டில் பசியை விரட்டிய பெருஞ்செயல். அதைக் குறை கூறுவோர் பசியறியாதவர். ஆனால் இலவச அரிசிக்குப் பக்கத்தில் காசு கொடுத்து வாங்கவேண்டிய கேழ்வரகு எப்படி நிற்கும்? சாமையும் தினையுமோ இன்று பொன்னி அரிசியைவிட விலை கூடியவை. இந்தியாவின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதும், நகரத்துச் செல்வர் அவற்றைத் தேடி உண்ணத் தொடங்கினர். ஏழையின் தானியம் கனவான்களின் தட்டில் ஏறிற்று. ஏழைக்குக் கனவான்கள் சலித்த வெள்ளையரிசி வந்து சேர்ந்தது. அன்றியும், காலை ஐந்து மணிக்குத் தறியில் இறங்குபவனுக்குக் கீரை ஆயவும் கூழ் துழாவவும் வீட்டில் கையில்லை; அந்தக் கையும் தறியில்தான் இருக்கிறது. ஆகவே டீயும் பன்னும். டீயைச் சோற்றோடும் பலகாரத்தோடும் சேர்த்துக் குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் ஏறுவது குறைகிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தலும், கீரையில் எலுமிச்சை பிழிதலும் செலவில்லாத உபாயங்கள். இவற்றையாவது நம் ஊழியர் வீடு வீடாகச் சொல்லலாம்.

எச்சரிக்கை ஒன்றும் இங்கே அவசியம். கேழ்வரகு சர்க்கரை வியாதிக்கு மருந்து என்று சிலர் பிரசாரம் செய்கின்றனர். அது மருந்தன்று. நைஸாக அரைத்த மாவைக் கஞ்சியாக்கி வயிறு நிறையக் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறவே செய்யும். 10 கோடி இந்தியருக்கு மேல் அவ்வியாதியுடையோர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் கணக்கிட்டிருக்கிறது. அன்னாருக்கு எந்தத் தானியமானாலும் அளவு வேண்டும். பருப்பும் காயும் தட்டில் பாதியேனும் வேண்டும். விளம்பரக்காரன் கினோவாவுக்குச் செய்யும் பொய்யை நாம் கேழ்வரகுக்குச் செய்தல் தகாது.

இனிச் செய்யவேண்டியது என்ன? ஜனங்களின் வயிற்றைப் பொதுக் காரியமாகக் கருதும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1920-ல் சென்னை நகரசபையின் தலைமை வகித்த பிட்டி தியாகராயர், கைத்தறியில் பேரார்வம் கொண்டவர், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கச் செய்தார். 1956-ல் காமராஜர் அதைப் பரப்பினார், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022-ல், இந்தக் காஞ்சியில் நெசவாளர் மரபிற் பிறந்த அண்ணாவின் பிறந்த நாளன்று, காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கிற்று. பள்ளி வாசலில் நிற்கும் இந்த வழக்கம் தறிமேடை வரை வரவேண்டும்.

ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் ஏற்பாடு 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஆரம்பிக்கப்பட்டது. நெசவாளர் ஊர்களுக்கு அதைக் கோருவது முதல் வேலை. கேழ்வரகை மாவாக அரைத்து முத்திரையிட்டுக் கொடுத்தால், திரிகைக்கும் மில்லுக்கும் அலையும் நேரம் மிச்சமாகும். கடல் கடந்து வரும் பாமாயிலுக்குப் பதில், திருவண்ணாமலை, விழுப்புரம் குடியானவரின் கடலை எண்ணெயை ரேஷனில் கொடுப்பதும் ஆலோசிக்கத்தக்கது. சர்க்காருக்குச் செலவு கூடும் என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. கூடுவது கூடட்டும்.

இரண்டாவது வேலைக்குச் சென்னைக்குப் போகவேண்டியதில்லை. அண்ணா பெயரிலும், முருகன் பெயரிலும், காமாட்சியம்மன் பெயரிலும் காஞ்சியில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நிற்கின்றன. பட்டும் ஜரிகையும் வாங்கித் தரும் சங்கம், கேழ்வரகும் வேர்க்கடலையும் பயறும் குடியானவரிடம் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குத் தர எந்தத் தடையும் இல்லை. துணை விதியில் இடமில்லையென்றால், 1983-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டப்படி பொதுக்குழு திருத்தம் நிறைவேற்றிப் பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ளலாம். ஒன்று மட்டும் வற்புறுத்துவோம்: கடனாகக் கொடுத்தல் கூடாது. முன்பணத்தில் கட்டுண்டு தலைமுறை தலைமுறையாக முதலாளி வாசலில் நின்றவன், இனிச் சங்கத்துக்கும் கேழ்வரகுக் கடன்காரனாக வேண்டாம். கூலியில் பிடித்தம் செய்வதாயின், அவன் கையெழுத்திட்ட அளவே பிடிக்கவேண்டும். சங்கத்தில் சேராது தனியார் தறியில் நெய்வோருக்கும் அதே விலைக்கு விற்கவேண்டும். அவர்களே அதிகம் தேவையுள்ளவர்.

2021-ல் அமைந்த காஞ்சி மாநகராட்சி, பிள்ளையார்பாளையத் தெருக்களில் இடமுள்ள இடமெல்லாம் முருங்கைக் கொம்பு நடச் செய்யலாம். ஒரு கொம்பு ஊன்றினால் வருஷத்துக்குள் கீரை ஒடிக்கலாம்; அதற்கு டெண்டர் தேவையில்லை. வார்டு அங்கத்தினர் எவரேனும் அடுத்த கூட்டத்தில் இதைப் பிரேரேபித்தால், அவர் எக்கட்சியினராயினும், அவர் பெயரை இப்பத்தியில் வெளியிடுவோம். சங்கங்களின் பொதுக்குழுவில் துணை விதித் திருத்தத்தை யார் முன்மொழிகிறார்கள், யார் எதிர்க்கிறார்கள் என்பதையும் அவ்வாறே வெளியிடுவோம்.