சனிக்கிழமை லீவு கேட்டால் தப்பா?

"பேங்க்காரங்களுக்கு இன்னும் லீவு வேணுமா?"

வாரத்துக்கு 5 நாள் வேலை என்ற பேச்சு வந்தாலே திண்டிவனம் கடைவீதியில் எழும் கேள்வி இது. கேட்பவர் மீது குற்றம் இல்லை. வெள்ளி மாலை கல்லாவில் சேரும் பணத்தைத் திங்கள் காலை வரை அவர்தான் காவல் காக்க வேண்டும்! விழுப்புரத்தில் ஆபீஸ் வேலை பார்க்கும் குமாஸ்தாவுக்கும் பேங்க் பக்கம் போக சனிக்கிழமைதான் ஒழிகிறது.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டாமா?

2015 செப்டம்பரில் மாதத்தின் 2-வது, 4-வது சனிக்கிழமை லீவு வந்தது. பதிலுக்கு, அரை நாளாக இருந்த மற்ற சனிக்கிழமைகள் முழு நாளாயின. எல்லா சனிக்கிழமையும் விடலாம் என்று 2024 மார்ச் 8-ந் தேதி ஒப்பந்தத்தின்போது வங்கி நிர்வாகங்களும் சங்கங்களும் ஒத்துக்கொண்டன. மத்திய அரசு 'சரி' சொல்லவேண்டும் என்பது நிபந்தனை. இதையும் மற்ற கோரிக்கைகளையும் வைத்து 2025 மார்ச்சில் 2 நாள் ஸ்டிரைக் அறிவித்தார்கள். கடைசி நேரத்தில் தள்ளி வைத்தார்கள்.

சும்மா கேட்கவில்லை. தினம் 40 நிமிடம் கூடுதலாக வேலை பார்க்கிறோம் என்கிறார்கள். மாதம் 21 நாள் என்றால் 14 மணி நேரம்! இரண்டு சனிக்கிழமை வேலையும் ஏறக்குறைய அவ்வளவுதான். (40 நிமிடத்தில் விழுப்புரத்தில் ரயில் ஏறியவர் திண்டிவனத்தில் இறங்கிவிடலாம். ரயில் ஒழுங்காக வந்தால்!)

ரிசர்வ் வங்கிக்கும் எல்.ஐ.சி.க்கும் 5 நாள் வாரம்தான். கிளையில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கூடாது என்றால் என்ன நியாயம்?

பொறுப்பு இல்லாதவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? 12-ந் தேதி 2-வது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. இரண்டு நாளும் பேங்க் திறந்திருந்தது. வாசலில் கியூ, உள்ளே நோட்டு எண்ணி மாளவில்லை. கேஷ் குறைந்தால் கேஷியர் கைப்பணம்தான் போகும். சாதாரண நாளிலேயே, கதவு மூடிய பிறகு கணக்கு ஒத்துப்போனால்தான் வீடு. அதிகாரிகளுக்கு ஓவர்டைமும் கிடையாது.

ஆகவே லீவு கொடுக்கட்டும். ஆனால் அந்த 40 நிமிடம் யாருக்கு? உள்ளே பைல் கட்டுவதற்கா? கூடாது. கவுண்டர் திறந்திருக்க வேண்டும். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வரும் வியாபாரியும், ஒருநாள் கூலியை விட்டு நகைக்கடனுக்கு வரும் கிராமத்துக்காரரும் "நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பக்கூடாது. மூன்று கவுண்டர் இருந்து ஒன்றில்தான் ஆள் என்றால் 40 நிமிடம் கூட்டி என்ன பயன்? காலி இடத்துக்கு ஆள் போடவேண்டும்.

மேலிடத்துக்கும் ஒரு வார்த்தை. லீவு கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை செல்போனில் "இன்சூரன்ஸ் டார்கெட் என்னாச்சு?" என்று கேட்டால், அதுக்குப் பேர் லீவா?