மலை இல்லாத ஊரில் மலை சைக்கிள்

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஈசிஆரில் கோவளம் தாண்டி நின்னு பாருங்க. மலையேறச் செய்த மின்சைக்கிள்கள் மாமல்லபுரம் பக்கமா வழுக்கிக்கொண்டு போகும். தட்டையான கடற்கரைச் சாலை. இதில் எந்த மலை? உள்ளே தள்ளித் திருக்கழுக்குன்றம் இருக்கு, அதுக்கும் படிக்கட்டுதான்.

ஓட்டிப் பார்த்துட்டுத்தான் எழுதறேன். மிதிச்ச அடுத்த நொடி யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுற மாதிரி இருக்கும். எதிர்க்காத்து இருக்கிறதே தெரியாது. அந்தச் சுகத்தை நான் மறுக்கல. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 2021-ல் இறக்கிய எஸ்-ஒர்க்ஸ் டர்போ லீவோ 15,000 டாலர். சுங்கவரி சேர்க்காமலே பத்து லட்சத்துக்கு மேல். சம்பாதிச்சவங்க வாங்கட்டும்.

என் கோபம் விலை மேல இல்லை. அந்த வண்டியின் முன்பக்கம் 160 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன். சாலைப் பள்ளம் எதுவும் உடம்புக்கு எட்டாது. எட்டாததால் அதைப் பற்றிக் கேட்கவும் தோணாது. அதே பள்ளத்தில்தான் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் இறங்கி ஏறுறாங்க. சஸ்பென்ஷன் கிடையாது, கியர் கிடையாது, கேரியரில் இன்னொரு பிள்ளை, பக்கத்தில் உரசுற மாதிரி லாரி. சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்டால் அதிகாரிகள் காதுகொடுக்கக்கூடியது யாருக்கு? இந்தப் பத்து லட்சக்காரர்களுக்குத்தான். அவங்களோ எட்டு மணிக்குள்ள இட்லி, காபி முடிச்சு, வண்டியைக் காரில் ஏத்திக்கிட்டுக் கிளம்பிடறாங்க.

திங்கட்கிழமை, பள்ளி மணியடிக்கிற நேரத்துக்கு ஒருமுறை வாங்களேன். அதே வண்டியிலேயே வாங்க.