பிண்ணாக்கில் பூசணம்; பாலில் நஞ்சு!

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கவலைப்படுகிறவர்கள், மாடு தின்ற பிண்ணாக்கைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் கடலைப் பிண்ணாக்கு கறவை மாட்டுக்குச் சத்தான தீனி. ஆனால் ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். அதில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கே அதற்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது.

மாடு தின்ற இந்நஞ்சில் ஒரு பகுதி உருமாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் அழிவதில்லை. 2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் சோதித்த 6,432 பால் மாதிரிகளில், 368-ல் அது வரம்பை மீறியிருந்தது. அவற்றில் 88 தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. உடலுக்குக் கேடான கலப்படம் காணப்பட்டவையோ பன்னிரண்டே!

பழியை மாடு வளர்ப்போர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. பால் விலை கொழுப்பையும் இதர சத்துக்களையும் அளந்து தரப்படுகிறது. நல்ல தீனிக்கென்று தனி விலை கிடையாது. எனவே, பிண்ணாக்கு மூட்டை கடைக்கு வருமுன், ஆலையிலும் கிடங்கிலும் சோதனை நடக்க வேண்டும். தொழுவத்துக்குள் நஞ்சு நுழைந்தபின் பாலைச் சோதித்து என்ன பயன்?