வீராங்கனைகளுக்கு மறுக்கப்படும் ஆண்டுகள்

2019 மார்ச் 31 அன்று அடிலெய்டு ஓவல் மைதானத்தில் 53,034 பேர் திரண்டிருந்தார்கள். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் மகளிர் லீக்கான ஏ.எஃப்.எல்.டபிள்யூ.வின் இறுதிப்போட்டி. அடிலெய்டு அணியின் இணைத் தலைவி எரின் ஃபிலிப்ஸ், மூன்றாவது கால்பகுதியில் இடது முழங்கால் தசைநார் கிழிந்து கீழே விழுந்தார். அவரைத் தூக்கிச் சென்றபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கார்ல்டன் அணியை அடிலெய்டு 45 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றது; சிறந்த ஆட்டக்காரர் விருதும் எரினுக்கே கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 33. லீக்குக்கோ அது மூன்றாவது பருவம்தான்.

முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைத்தும் கையால் குத்தியும் கடத்தி, கிரிக்கெட் மைதானம் அளவுக்கு விரிந்த களத்தில் ஓடி ஆடும் விளையாட்டு இது. எரினின் தந்தை கிரெக் ஃபிலிப்ஸ், போர்ட் அடிலெய்டு கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். மகளும் சிறுவர்களோடு சேர்ந்து ஆடித்தான் வளர்ந்தார். பதின்பருவம் தொடங்கியதும், பெண் என்பதால் அந்த வழி அடைபட்டது. அவர் கூடைப்பந்துக்குப் போனார். 2006இல் உலக வாகையர் பட்டம் வென்ற ஆஸ்திரேலிய அணியிலும், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியிலும் இடம்பெற்றார். அமெரிக்க மகளிர் கூடைப்பந்து லீக்கில் 2012இல் இண்டியானா அணியோடும், 2014இல் ஃபீனிக்ஸ் அணியோடும் கோப்பை வென்றார். பெண்களுக்கான கால்பந்து லீக் 2017இல் பிறந்தபோதுதான் அவரால் சொந்த விளையாட்டுக்குத் திரும்ப முடிந்தது.

திரும்பியவர் மூன்று கோப்பைகளை வென்றார். பருவத்தின் சிறந்த வீராங்கனை விருதை 2017, 2019 என இருமுறை பெற்றார். பிறகு தந்தையின் கழகமான போர்ட் அடிலெய்டின் முதல் மகளிர் அணிக்குத் தலைவியாகி, 2023இல் ஓய்வுபெற்றார். இதை லீக்கின் வெற்றிக் கதையாகச் சொல்வது வழக்கம். ஆனால், எரினின் உடலையும் ஆட்ட அறிவையும் செதுக்கியது இன்னொரு விளையாட்டின் முழுநேரத் தொழில்முறைப் பயிற்சி. அந்த வாய்ப்பைக் கால்பந்து அவருக்குத் தரவில்லை. அவருடைய இருபதுகள் முழுவதையும் இந்த விளையாட்டு இழந்தது. முழுநேரப் பயிற்சி கிடைத்தால் ஒரு பெண் எவ்வளவு உயரம் தொட முடியும் என்பதற்கு அவர்தான் சான்று.

மாலை நேரத் தொழில்

முதல் பருவத்தில் பெரும்பாலான வீராங்கனைகளுக்குக் கிடைத்த ஊதியம் 8,500 ஆஸ்திரேலிய டாலர். நட்சத்திர வீராங்கனைகளுக்கே 27,000 டாலர்தான். அதனால் பகலில் வேலை, மாலையில் பயிற்சி என்பதே நடைமுறையானது. அப்போதைய மெல்பர்ன் அணித் தலைவி டெய்சி பியர்ஸ் பிரசவம் பார்க்கும் செவிலியராக இருந்தார். எரினோடு 2017 கோப்பையை வென்ற ஹெதர் ஆண்டர்சன் ராணுவ மருத்துவப் பணியாளராக இருந்தார்.

ஹெதர் 2022இல் 28 வயதில் இறந்தார். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய சி.டி.இ. எனும் மூளைச் சிதைவு நோய் அவருக்கு இருந்தது இறப்புக்குப் பின் நடந்த ஆய்வில் தெரியவந்தது. தொழில்முறை வீராங்கனை ஒருவருக்கு இந்நோய் உறுதிசெய்யப்பட்டது உலகிலேயே அதுதான் முதல்முறை. மகளிர் லீக்கில் முழங்கால் தசைநார் கிழிவதும் ஆண்கள் லீக்கைவிடப் பல மடங்கு அதிகம். மோதல் நிறைந்த ஆட்டத்துக்கு உடலைத் தயார்படுத்தச் சிறுவயதிலிருந்தே தொடர்ந்த பயிற்சி வேண்டும். அடிபட்ட பிறகு ஓய்வும் கண்காணிப்பும் வேண்டும். அலுவலகம் முடிந்து களத்துக்கு ஓடிவரும் பெண்ணிடம் அதற்கான நேரம் இல்லை. ஆபத்தில் மட்டும் அவருக்குப் பகுதிநேரச் சலுகை கிடையாது.

கூட்டம் முதலிலா, ஆட்டம் முதலிலா?

நிலைமை மாறிவருவதை மறுக்க முடியாது. 8 அணிகளோடு தொடங்கிய லீக்கில் 2022 முதல் 18 அணிகள். 2023இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து ஒரே ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. மகளிரின் சராசரி ஊதியம் 2027இல் சுமார் 82,000 டாலரை எட்டும். ஆண்களின் சராசரியோ அப்போது ஐந்து லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

ஊதியத்தைவிட அடிப்படையான கேள்வி ஆட்டங்களின் எண்ணிக்கை. 18 அணிகள் உள்ள லீக்கில் ஒவ்வொரு அணிக்கும் 2025இல் 12 ஆட்டங்கள். எல்லா அணிகளையும் ஒருமுறைகூடச் சந்திக்க முடியாது. ஆண்களுக்கு 23. மகளிர் ஆட்டங்களை 14 வரை உயர்த்தவும் ஒரு நிபந்தனை வைக்கப்பட்டது: மைதானத்தில் சராசரியாக 6,000 பேரும், தொலைக்காட்சியில் சராசரியாக ஒரு லட்சம் பேரும் பார்க்க வேண்டும்.

பணம் ரசிகர்களிடமிருந்தும் ஒளிபரப்பிலிருந்தும்தானே வருகிறது என்று நிர்வாகம் கேட்பது நியாயமான கேள்விதான். 2017 பிப்ரவரி 3 அன்று மெல்பர்னில் நடந்த முதல் ஆட்டத்துக்குக் கூட்டம் தாங்காமல் கதவுகள் அடைக்கப்பட்டன. ஆனால், அன்று நுழைவு இலவசம். ஆர்வத்தை வருமானமாக மாற்ற உழைப்பு வேண்டும். அந்த உழைப்பு யாருடையது என்பதில்தான் நிபந்தனை பிழைபடுகிறது. எந்த மைதானம், எந்தக் கிழமை, ஆண்களின் இறுதிச்சுற்றுப் பரபரப்போடு மோதும் எந்த மாதம் என்பதையெல்லாம் முடிவுசெய்வது நிர்வாகம். கூட்டம் குறைந்தால் ஆட்டத்தை இழப்பது வீராங்கனைகள். குறைவாக ஆடினால் ஆட்டம் மெருகேறாது. மெருகேறாத ஆட்டத்துக்குக் கூட்டம் சேராது. இந்தச் சுழலை நிர்வாகம்தான் உடைக்க முடியும்.

ஆண்கள் லீக் 1897இல் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் அங்கும் ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் ஆடினார்கள். அந்த நூற்றாண்டு முழுவதும் பெண்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். அன்று ஆண்களுக்குக் கிடைத்த பொறுமையை இன்று பெண்கள் கேட்பது சலுகை அல்ல.

செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வோர் அணியும் மற்ற 17 அணிகளையும் ஒருமுறையேனும் சந்திக்கும் அட்டவணையை, பார்வையாளர் எண்ணிக்கையோடு முடிச்சுப் போடாமல், ஆண்டு குறித்து அறிவிக்க வேண்டும். வேறு வேலை தேடாமல் வாழப் போதுமான ஊதியம், கடைசி இடத்தில் உள்ள வீராங்கனைக்கும் வேண்டும். தலைக்காயத்துக்கும் முழங்கால் காயத்துக்கும் ஓய்வுக்குப் பிறகும் தொடரும் மருத்துவப் பொறுப்பைக் கழகங்கள் ஏற்க வேண்டும். 13 வயதில் எந்தச் சிறுமியும் வேறு விளையாட்டைத் தேடிப் போகத் தேவையில்லாத நிலை உருவான பிறகு, அவர்கள் முப்பது வயதில் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு மகளிர் லீக்கை எடைபோடுவதே நேர்மை.