கற்பிட்டிக் கழுதைகளுக்கு நாதி யார்?

ஒருகாலத்தில் பொதி சுமந்த கழுதைகளின் வழித்தோன்றல்கள் இன்று கற்பிட்டி வீதிகளில் உடையவரின்றி அலைகின்றன. அவற்றுக்குச் சட்டம் அளிக்கும் காவல் யாது? 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம்! வதைத்தவனுக்கு அது விதித்த உச்சத் தண்டம் 100 ரூபா. அன்று அது பெருந்தொகை. இன்றோ தேநீர்க் காசு. சட்ட ஆணைக்குழு 2006 இல் புதிய மசோதா வரைந்தது. கழுதைகள் மசோதாவுக்காகக் காத்திருக்கமாட்டா.

மன்னாரில் பிரிட்ஜிங் லங்கா அமைப்பு கழுதைகளுக்கென மருத்துவ நிலையம் நிறுவியது. இங்கும் சங்கம் அமைக்க முனையும் இளைஞரிடம் கொடையாளர் பதிவும், கணக்கும், திட்ட அறிக்கையும் கேட்பர். கேட்பது நியாயமே, ஆனால் அவற்றை எழுதக் கற்றுக்கொடுப்பவர் எவர்? மருந்துக்குப் பணம் கிடைத்தாலும் திட்டமில்லாச் சங்கம் ஓராண்டு தாங்காது. ஆகவே பிரதேச சபை சிறு மானியத்தோடு, கணக்கு எழுத ஒருவரையும் மிருக வைத்தியரின் ஆலோசனையையும் சேர்த்தே வழங்குக. அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே அதற்கு நிதி ஒதுக்கப்படல் வேண்டும்.